உப்பு தின்னும் இயந்திரம்: அவுட்போர்டு மோட்டார் நம்ம கரைக்கு வந்த கதை

வேலூர் லாங் பஜாரில் நின்றுகொண்டு படகு மோட்டாரைப் பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள். கடல் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கு. பாலாறோ பாதி வருஷம் வெறும் மணல். ஆனால் உப்பைப் பற்றி இந்தப் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். பச்சைத் தோலை அழுகாமல் காப்பதும் உப்புதான், பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் பங்கு உள்ளதும் அதே உப்புதான். படகு மோட்டாரின் கதையும் உப்போடு நடந்த சண்டைதான்.

படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றும் மோட்டாரைப் பெரிய அளவில் விற்றுக் காட்டியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1909-ல் மில்வாக்கியில் அவர் விற்ற மோட்டாரின் சக்தி ஒன்றரை குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மேன் என்பவர் ஒன்றைச் செய்து விற்றிருந்தார். ஆனால் ஊரெங்கும் பரவியது எவின்ரூட் பெயர்தான். இரண்டுமே ஏரியில் உல்லாசமாகப் போகிறவர்களை நம்பி வந்தவை. ஏரித் தண்ணீரில் உப்பு கிடையாது, கவனியுங்கள்.

நம்ம பக்கம் விசைப்படகு வந்ததிலும் நார்வேக்குப் பங்கு உண்டு. 1953-ல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் உள்ளே இன்ஜின் வைத்த படகுகளைக் கொண்டுவந்தது. பின்னால் இறால் ஏற்றுமதி சூடு பிடிக்க, இழுவைப் படகுகள் கரையோரக் கடலை அரித்தன. கட்டுமரக்காரரும் வள்ளக்காரரும் மீனைத் தேடி இன்னும் தூரம் போக வேண்டியதாச்சு. பாய் மட்டும் போதவில்லை. 1980-களில் தென் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வள்ளங்களிலும் பிளைவுட் படகுகளிலும் அவுட்போர்டு ஏறியது இப்படித்தான்.

பாய் கிழிந்தால் வீட்டிலேயே தைக்கலாம். மோட்டார் நின்றால்? பார்ட்ஸ் ஜப்பானிலிருந்து வரணும், மெக்கானிக் நகரத்தில் இருப்பார், பணம் வியாபாரியிடம் இருக்கும். அவரிடம் கடன் வாங்கினால் மீனையும் அவர் சொன்ன விலைக்கே கொடுக்கணும். 1980-ல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது சிஃப்ஸ், மீன் விற்பனை, கடன் இரண்டோடு நிற்காமல் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

சரி, பராமரிப்பில் அப்படி என்னதான் இருக்கு? அவுட்போர்டு கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உறிஞ்சுவது அடிப்பாகத்தில் சுழலும் ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே அது தேய்ந்து கருகிப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் ஸ்டார்ட் பண்ணியதும் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டி, அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுச் சாவதற்கென்றே வைத்தது. பாதி கரைந்ததும் மாற்றிடணும். மண்ணெண்ணெய் மாடல் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வரணும். இல்லாவிட்டால் அடுத்த நாள் விடியற்காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழலும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: கரை வந்ததும் நல்ல தண்ணீரில் மோட்டாரை ஓடவிட்டு உள்ளே இருக்கும் உப்பைக் கழுவணும். எழுதுவது சுலபம். குடிக்கவே குடம் குடமாகச் சுமக்கிற குப்பத்தில் மோட்டாருக்கு ஒரு டிரம் தண்ணீர் என்றால், அதைச் சுமப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். கம்பெனிக் கையேடு இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எத்தனையோ மோட்டார்கள் சேறும் உப்புமாகப் புதைந்தன. மூழ்கிய மோட்டாரை வெளியே எடுத்துக் காயவைப்பதுதான் பெரிய தப்பு. காற்று பட்டதும் துரு வேகம் பிடிக்கும். உடனே நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, சீக்கிரமே ஓட வைக்கணும். முடியாவிட்டால் நல்ல தண்ணீரில் மூழ்கியே கிடக்கட்டும், மெக்கானிக் வரும்வரை. வீட்டையும் ஆட்களையும் தேடி அலைந்த அந்த நாட்களில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

கட்டுமரத்தை மோட்டார் வென்றது வேகத்தால் என்று சொல்வோம். உண்மையில் அது கரையில் நிலைத்தது பட்டறை மெக்கானிக்கின் கையாலும், தினமும் யாரோ சுமந்து வந்த நல்ல தண்ணீராலும்தான்.