கடல்நீர்த் தொட்டியின் தொடக்க வரலாறு

கடல்வாழ் உயிர்களை வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் புகுவோர் முதலில் நாடுவது மீனையே. அழகிய மீனொன்றை வாங்கி உப்புநீரில் இட்டு, ஒரு கிழமைக்குள் அது இறந்து மிதக்கக் கண்டு மனஞ் சோர்வோர் பலர். மீனுக்கு முன்னர் நீரைப் பக்குவப்படுத்தல் வேண்டும் என்பதே இக்கலையின் முதற் பாடம். அப்பாடத்தை மனிதர் கற்ற வரலாறு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே நிகழ்ந்தது. அதனைக் கூறுவோர் பிலிப் ஹென்றி கொஸ் என்பாரின் பெயரையே முன்வைப்பர். அவர் புகழுக்குரியவரே, ஆயின் முதலிடம் அவர்க்குரியதன்று.

1846 ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் சீமாட்டி, டோர்க்கீ என்னும் கடற்கரையூரில் முருகையுயிர்கள் சிலவற்றைக் கண்டார். அவற்றை ஊசியும் நூலுங் கொண்டு கடற்பஞ்சிலே தைத்துப் பிணைத்து, நீர்ச்சாடியில் இட்டு இலண்டனிலுள்ள தம் இல்லத்துக்குக் கொணர்ந்தார். கரையிலிருந்து கடல்நீரை வருவித்து அடிக்கடி மாற்றிவந்தார். நீர் தட்டுப்பட்டபோது, திறந்த சாளரத்தின் முன்னே அதனை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி ஊற்றுவித்துக் காற்றுக் கலக்கச் செய்தார். அரை மணி, முக்கால் மணி நேரம் நீடித்த அவ்வேலையைச் செய்தவள் அவ்வீட்டுப் பணிப்பெண். இன்று மின்சாரப் பம்பி செய்யுந் தொழிலை அன்று அவள் கைகளே செய்தன. சீமாட்டியின் குறிப்பில் அவள் பெயர் இல்லை. அவ்வேலை அவளுக்கு ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது என்று மட்டும் காணப்படுகின்றது. அவளை வினாவியிருப்பின் வேறு விடை கிடைத்திருக்கவுங் கூடும். 1847 இல் கடற்சாதாளைகளையும் சீமாட்டி நீரிற் சேர்த்தார். முருகைகள் உயிர் வாழ்ந்ததோடு அமையாது இனமும் பெருக்கின. இவ்வவதானங்கள் அச்சேறியது 1859 இலேயே. அதற்குள் புகழ் பிறரைச் சென்றடைந்துவிட்டது.

தாவரத்தை நீரில் இடுவதன் பயனை இரசாயன நெறியிற் காட்டியவர் றொபேட் வாரிங்டன். 1850 இல் அவர் வெளியிட்ட சோதனை நன்னீர் பற்றியது. பொன்மீன்களையும் நீர்த்தாவரத்தையும் ஒரு தொட்டியில் இட்டார். அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்ததும் நீர் தெளிந்தது. மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் ஏற்று ஒட்சிசனை அளிக்கும். கழிவை நத்தை அகற்றும். இச்சமநிலையைப் பின்னர் அவர் கடல்நீரிலும் அமைத்துப் பார்த்தார்.

கொஸ் 1852 இல் உடல்நலங் கருதி டெவன் கரையோரஞ் சென்று, ஆங்குத் தாமும் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். 1853 இல் இலண்டன் விலங்கியற் சங்கத்தின் தோட்டத்திலே மீன்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய ‘அக்குவேரியம்’ என்னும் நூல் அச்சொல்லை நிலைபெறச் செய்தது. கடல்நீர் கிடைக்காதோர்க்காக அவர் கறியுப்பு, மகனீசியஞ் சல்பேற்று, மகனீசியங் குளோரைட்டு, பொற்றாசியங் குளோரைட்டு ஆகிய நான்கையுங் கொண்டு செயற்கைக் கடல்நீரும் ஆக்கினார். அந்நீரில் அவர் முதலில் இட்டது சாதாளை. விலங்குகள் அதன் பின்னரே இடம்பெற்றன. இவ்வொழுங்கே அவர் செய்த பேருதவி எனலாம்.

கண்ணாடி மீதான வரி 1845 இல் நீக்கப்பட்டிருந்தமையாற் கண்ணாடி மலிந்தது. புகைவண்டி கடற்கரையை நகருக்கு அண்மையாக்கிற்று. இலண்டனில் வில்லியம் அல்போட் லொயிட் என்பார் கடலுயிர்களை விற்கும் கடையே நடத்தினார். கூடைகளுடனும் உளிகளுடனும் கரைக்குத் திரண்டோர் பாறைக் குட்டைகளிலிருந்த கடற்சாமந்திகளைப் பெயர்த்தெடுத்தனர். அவற்றுட் பல சின்னாட்களில் மாண்டன. அக்கரைகளின் அழிவையும், அதற்குத் தம் நூல்களே காரணமாயினவென்று தந்தையார் கொண்ட துயரையும் மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் எழுதியுள்ளார்.

நிற்க, சாதாளையே நீரைத் தூய்மையாக்கியது என்று அக்காலத்தார் கொண்டது பாதி உண்மையே. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா கொடிய நஞ்சு. அதனை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுவன கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள். இம்மாற்றம் உயிர்களின் தொழிலே என்பதைப் பிரான்சில் சுலோசிங், முன்ற்சு என்போர் 1877 இற் காட்டினர்; அப்பற்றீரியாக்களை வினோகிராட்ஸ்கி 1890 அளவிற் பிரித்தெடுத்தார். இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சில கிழமைகள் செல்லும். அன்னா தைன், கொஸ் முதலியோர் கல்லோடு பற்றிய சாதாளையை இட்டபோது இவற்றையும் அறியாமலே உடன் கொணர்ந்திருத்தல் வேண்டும். இன்று புதிதாகத் தொடங்குவோன் கிலோகிராம் நீருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு அமையுமாறு நீரைக் கலந்து, அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றி மறையும் வரை சோதித்துக் காத்திருந்து, அதன் பின்னரே ஓரிரு மீன்களை இடுகின்றான்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் லீ சின் எங் என்பார் வடிகருவி எதுவுமின்றி, முருகைக்கற்பாரிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையுமே கொண்டு தொட்டிகளைப் பேணினார். அவர் 1961 இல் வெளியிட்ட கட்டுரையை அன்று பலர் ஏற்றிலர். பிற்காலத்தில் அம்முறையே பெருவழக்காயிற்று. ஆயின் அக்கற்களும் கடலிலிருந்தே பெயர்க்கப்பட்டன. இலங்கையிலிருந்து பிற நாடுகளுக்கு அனுப்பப்படும் கடல் அலங்கார மீன்களும் பெரும்பாலும் சுழியோடிகளாற் கடலிலே பிடிக்கப்படுவனவே. தொட்டியிற் பிறந்து தொட்டியிலே வளர்ந்த மீனினங்கள் இன்றுஞ் சிலவேயாகும்.