கைந்நூலும் காலையுணவுப் பேச்சும்: தொழிலறிவின் மின்வழிப் பரிமாற்றம் பற்றிய ஒரு நோக்கு

தொழில் செய்வோர் கற்பது பயிற்சி வகுப்பிலேயே என்பது முகாமைத்துவத்தினரின் நெடுநாளைய நம்பிக்கை. கணினிவழித் தொடர்புச் சாதனங்கள் வேலைத்தளக் கல்விக்கு எவ்வாறு துணையாயின என்பதை ஆராய்வோர் இந்நம்பிக்கை தளர்ந்த வரலாற்றினின்றே தொடங்குதல் வேண்டும். அவ்வகையில் செரொக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் சிறப்பாக நோக்கற்பாலது.

ஐக்கிய அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் போட்டோப் பிரதி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழினுட்பவியலாளருக்கு விரிவான கைந்நூல்கள் வழங்கப்பட்டிருந்தன. இன்ன குறியீடு தோன்றின் இன்ன பகுதியைச் சோதிக்க, இன்ன விடை கிடைப்பின் அடுத்த படிக்குச் செல்க என அவை வழிவகுத்தன. நூலைப் பின்பற்றுவோன் இயந்திரத்தை விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அவற்றின் உட்கிடை. சிந்தனையை ஓரிடத்தும் கையுழைப்பை மற்றோரிடத்தும் வைத்த பழைய ஆலைமுறையின் தொடர்ச்சியே இது எனலாம்.

1980களில் இத்தொழிலாளருடன் சென்று அவர்தம் வேலையை நேரிற் கண்ட யூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர், நடைமுறை வேறாயிருந்ததை எடுத்துக்காட்டினார். அவரது ஆய்வு 1996இல் நூலாக வெளிவந்தது. கைந்நூல் கைவிட்ட இடங்களில் தொழிலாளருக்குக் கைகொடுத்தவை, காலையுணவு மேசையிலும் வேலையிடையிலும் அவர்கள் தம்முட் பரிமாறிய கதைகளே. விடாப்பிடியான பழுதொன்றின் முன் நின்ற இருவர், தாம் முன்னர் கண்ட இயந்திரங்களின் கதைகளை மாறிமாறிச் சொல்லி, அக்கதைகளினூடாகவே காரணத்தைக் கண்டடைந்தனர். வீண்பேச்சு என மேலாளர் கருதக்கூடியது உண்மையில் அவர்களின் பாடசாலையாக இருந்தது.

ஆயின் பேச்சு ஒரு மேசையளவே எட்டும். இவ்வெல்லையைக் கடக்கும் முயற்சியாகவே 1990களில் ‘யுரேக்கா’ என்னும் மின்வழி அறிவுத் தொகுதி உருவாயிற்று. அது முதலிற் பரீட்சிக்கப்பட்டது அமெரிக்காவிலன்றிப் பிரான்சிலாகும். இணையம் பொதுமக்களிடையே பரவுமுன்னரே, தொலைபேசிக் கம்பிவழி இயங்கும் மினிற்றெல் சேவை 1982 முதல் அங்கு நாடளாவி நிலவியமை இதற்கு வாய்ப்பாயிற்று. (மினிற்றெல் 2012இல் நிறுத்தப்பட்டது.) தொழிலாளி ஒருவர் தாம் கண்ட தீர்வை எழுதி அனுப்புவார், அனுபவமிக்க சக தொழிலாளர் அதனைச் சோதித்து ஏற்பர், ஏற்கப்பட்டது எழுதியவர் பெயருடன் ஏனையோரைச் சென்றடையும். கனடாவில் ஒருவர் எழுதிய குறிப்பு, பிரேசிலில் முற்றாக மாற்றப்படவிருந்த ஏறத்தாழ 40,000 டொலர் பெறுமதியான இயந்திரமொன்றை, ஒரு டொலருக்கும் குறைந்த உதிரிப்பாகத்தினாற் காத்ததென்பர்.

குறிப்புகளுக்குப் பணம் வழங்குவது பற்றிய பேச்செழுந்தபோது தொழிலாளர் அதனை விரும்பவில்லை. பணம் வரின் குறிப்புகளின் தரம் போய் எண்ணிக்கையே பெருகும் என்பது அவர்களின் வாதம். வாதம் வலியதே. எனினும் மீதமான செலவு நிறுவனத்தின் கணக்கிற் சேர்ந்தது. எழுதியவருக்குக் கிடைத்தது சகபாடிகளின் மதிப்பு. அம்மதிப்பை அவர்கள் சிறிதாகக் கருதவில்லை என்பது மெய். ஆயினும் பேச்சாக இருந்தவரை தொழிலாளரின் உடைமையாயிருந்த அறிவு, எழுத்தாகித் தொகுதியிற் சேர்ந்தபின் யாருடையது என்னும் வினாவை அவர்களது பெருந்தன்மை தீர்த்துவைக்கவில்லை.