ஒரு சொல்லுக்குள் ஒளிந்த உழைப்பு: ஃபோர்ட்ரான் சார்புகளின் கதை



"சார், மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்க, பழசு எதுவானாலும் சரி" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் கிரிக்கெட் கோப்பையைப் பற்றியும் எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறு ஒரு பழசை எடுத்துக்கொள்கிறேன். எழுபதுகளில் படித்த எங்களுக்குக் கணிப்பொறி என்றால் ஃபோர்ட்ரான். ஃபோர்ட்ரான் என்றால் துளையிட்ட அட்டைக் கட்டு.

இன்றைய பிள்ளைகளிடம் "சைன் மதிப்பை மெஷின் எப்படிப்பா கண்டுபிடிக்குது?" என்று கேட்டால், "அது உள்ளேயே இருக்கு சார்" என்கிறார்கள். தவறில்லை, உள்ளேதான் இருக்கிறது. ஆனால் தானாக வந்து உட்காரவில்லை. யாரோ சிலர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உள்ளே வைத்தார்கள். சில சமயம் தப்பாகவும் வைத்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இரும்பு அலமாரியில் ஒரு நூலகம்

நம் தலைமுறைக்கு லாக் டேபிள் தெரியும். சைன், கொசைன், லாகரிதம் எல்லாம் அட்டவணையில் பார்த்து எழுதுவோம். ஆரம்பகாலக் கணிப்பொறிகளுக்கு அந்த வசதிகூட இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் அளவுக்கு மட்டும் தெரிந்த இயந்திரத்துக்கு வர்க்கமூலம் வேண்டுமென்றால், அதை எப்படிப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

1949 மே மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணிப்பொறி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், உடன் உழைத்த டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வர்க்கமூலம், கொசைன், அடுக்குக்குறி போன்ற கணக்குகளை ஒருமுறை சரியாக எழுதிச் சோதித்து, காகித நாடாக்களில் துளையிட்டு இரும்பு அலமாரியில் அடுக்கிவைத்தார்கள். வேண்டியவர் அந்த நாடாவை எடுத்துத் தன் நாடாவில் படியெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். துணைநிரல் நூலகம் என்று இன்று நாம் சொல்வது, அன்று கதவைத் திறந்து கையால் எடுக்கும் பொருளாக இருந்தது. மூவரும் 1951-இல் வெளியிட்ட புத்தகம் நிரல் எழுதும் கலை பற்றி அச்சில் வந்த முதல் நூல்களில் ஒன்று.

வால் முளைத்த பெயர்கள்

அடுத்த பெரிய அடி அமெரிக்காவில், ஐ.பி.எம். நிறுவனத்தில். ஜான் பேக்கஸ் என்ற இளைஞர், கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே எழுதினால் இயந்திரமே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். 1954 நவம்பரில் முதல் அறிக்கை, 1956 அக்டோபரில் கையேடு. 1957 ஏப்ரலில் ஐ.பி.எம். 704 இயந்திரத்துக்கான ஃபோர்ட்ரான் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. பீட்டர் ஷெரிடன், ராய் நட், ஹார்லன் ஹெரிக், லோயிஸ் ஹெய்ப்ட் என்ற பெண்மணி உள்ளிட்ட சிறு குழுவின் உழைப்பு அது.

அந்த முதல் ஃபோர்ட்ரானில் சார்புகளின் பெயருக்கு ஒரு வால் இருந்தது. 4 முதல் 7 எழுத்து. கடைசி எழுத்து 'எஃப்' ஆக இருக்க வேண்டும். சைன் என்பது 'சைன்எஃப்'. வர்க்கமூலம் 'எஸ்.க்யூ.ஆர்.டி.எஃப்'. விடை முழு எண்ணாக வேண்டுமானால் பெயரின் முதலில் 'எக்ஸ்' போட வேண்டும். எதற்கு இந்த வால்? அணிக்கும் அடைப்புக்குறி, சார்புக்கும் அதே அடைப்புக்குறி. எது எது என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டாமா?

அப்போதே சார்புகளில் இரண்டு ஜாதி. எண்ணின் குறியை நீக்குவது, மீதி காண்பது, பெரியதைத் தேர்வது போன்ற சின்ன வேலைகளுக்கான கட்டளைகளை, கேட்ட இடத்திலெல்லாம் நிரலுக்குள்ளேயே பதித்துவிடும். சைன் போன்ற நீண்ட வேலைகள் காந்த நாடாவில் உள்ள நூலகத்தில் ஒரே பிரதியாக இருக்கும். தேவைப்படும்போது அங்கே போய்விட்டுத் திரும்பிவரும். கேம்பிரிட்ஜின் இரும்பு அலமாரி இப்போது நாடாவுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

'லாக்' ஏன் 'ஏ-லாக்' ஆனது?

எங்கள் காலத்து ஆட்களைக் கேளுங்கள், 'ஏ-லாக்' என்றதும் சிரிப்பார்கள். ஃபோர்ட்ரான்-4 படித்த எவருக்கும் மறக்காத பெயர் அது.

காரணம் இதுதான். 1962-இல் வந்த ஃபோர்ட்ரான்-4 பழைய எஃப் வாலை வெட்டியது. மாறிகளுக்கு இருந்த விதியே சார்புகளுக்கும் வந்தது. 'ஐ' முதல் 'என்' வரையிலான எழுத்தில் தொடங்கும் பெயர் முழு எண். மற்றவை தசம எண். 'லாக்' என்பது 'எல்'-இல் தொடங்குகிறதே! அப்படியே விட்டால் விடை முழு எண் என்று ஆகிவிடும். அதனால் முன்னே ஓர் 'ஏ' ஒட்டினார்கள். இரட்டைத் துல்லியம் வேண்டுமானால் 'டி-லாக்', கலப்பெண்ணுக்கு 'சி-லாக்'. ஒரே லாகரிதத்துக்கு மூன்று பெயர்!

என் அறைத் தோழன் ஒருவன் வெறும் 'லாக்' என்று அட்டையில் துளைத்துக் கொடுத்தான். மறுநாள் காகிதம் வந்தது, விடை வரவில்லை. "கணக்கு சரிடா, பேருதான் தப்பாம்!" என்று அவன் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

1966-இல் ஃபோர்ட்ரானுக்கு அமெரிக்கத் தரநிலை வந்தது. அதன் அடிப்படைப் புறச் சார்புகள் 24. பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை: மிகைவளைய டேன் உண்டு, பள்ளிக்கூடத்துச் சாதாரண டேன் கிடையாது! சைனைக் கொசைனால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். டேன் தரநிலைக்குள் வர ஃபோர்ட்ரான் 77 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டில் 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. அது கூட்டலையும் பெருக்கலையும்கூட நினைவகத்தில் வைத்த வாய்ப்பாட்டைப் பார்த்துத்தான் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. நாம் ஒன்றாம் வகுப்பில் செய்ததைப் போல! அங்கே பாடம் நடத்திய, ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் எழுதிய ஃபோர்ட்ரான் புத்தகங்கள் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு வழிகாட்டின. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது.

சைனுக்குள்ளே என்ன நடக்கிறது?

வர்க்கமூலம் எளிது. 2-இன் மூலம் வேண்டுமா? 1 என்று ஊகியுங்கள். ஊகத்தையும், 2-ஐ அந்த ஊகத்தால் வகுத்ததையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 1.5. மறுபடி செய்தால் 1.416667. மறுபடி 1.414216. இன்னொரு தடவை 1.41421356. நாலே சுற்றில் எட்டு தசம இடம்.

சைன்தான் சிக்கல். "டெய்லர் தொடர் இருக்கே, அதைக் கூட்டினா போச்சு" என்று தோன்றும். 30 ரேடியனுக்குக் கூட்டிப் பாருங்கள். சரியான விடை மைனஸ் 0.988. ஆனால் தொடரின் நடுவே வரும் உறுப்பு ஏறக்குறைய 77,600 கோடி அளவுக்குப் போய்விடும். ஏழு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் இயந்திரம் அதை எழுதும்போதே ஆயிரக்கணக்கில் பிழை சேர்ந்துவிடுகிறது. ஒன்றைத் தாண்டக் கூடாத விடைக்கு ஆயிரக்கணக்கில் பிழை! தொடர் கணிதப்படி சரி, இயந்திரத்தில் உதவாது.

ஆகவே நூலகம் எழுதியவர்கள் வேறு வழி போனார்கள். முதலில் பையின் மடங்குகளைக் கழித்துக் கோணத்தைச் சிறிய எல்லைக்குள் கொண்டுவருவது. பிறகு அந்த எல்லை முழுவதும் பிழை சமமாகப் பரவும்படி தேர்ந்தெடுத்த சிறிய பல்லுறுப்புக் கோவையால் மதிப்பிடுவது. செசில் ஹேஸ்டிங்ஸ் 1955-இலேயே இத்தகைய கோவைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். கழிக்கும் இடத்தில் பையின் இலக்கங்கள் போதாவிட்டால் பெரிய கோணங்களுக்கு விடை கெட்டுவிடும். உழைப்பெல்லாம் அந்த இடத்தில்தான்.

நம்பிக் கெட்ட கதை

உள்ளே இருப்பதைக் கேள்வி கேட்காமல் நம்பினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு.

அறுபதுகளில் ஐ.பி.எம். 360 வரிசைக்குக் கொடுத்த அறிவியல் துணைநிரல் தொகுப்பில் 'ராண்டு' என்று ஒன்று இருந்தது. சமவாய்ப்பு எண்களைத் தரும் நிரல். முந்தைய எண்ணை 65539-ஆல் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்த மீதியை எடுப்பது. ஒரே வரி, மின்னல் வேகம். மான்டி கார்லோ முறையில் உருவகக் கணக்குப் போட்டவர்கள் உலகெங்கும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

65539 என்பது 2-இன் 16-ஆம் அடுக்குடன் 3 கூட்டியது. அதை வர்க்கப்படுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும். எந்த எண்ணும் அதற்கு முந்தையதின் 6 மடங்கிலிருந்து, அதற்கும் முந்தையதின் 9 மடங்கைக் கழித்ததுதான். மீதி எடுக்க வேண்டும், அவ்வளவே. அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு கனசதுரத்தில் புள்ளியாகக் குறித்தால், புள்ளிகள் எங்கும் பரவவில்லை. 15 தளங்களில் மட்டுமே வரிசைகட்டி நின்றன. இவ்வகைப் பெருக்கல் முறைகள் எல்லாவற்றுக்குமே இந்தத் தள நோய் உண்டு என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968-இல் நிரூபித்தார். ராண்டுவுக்கு நோய் முற்றியிருந்தது.

யோசியுங்கள். ஒருவர் கணித மாதிரியைச் சரியாக எழுதியிருப்பார். நிரலில் ஒரு பிழை இருக்காது. அட்டை ஒன்றுகூட இடம் மாறியிருக்காது. ஆனாலும் விடை ஐயத்துக்குரியது. காரணம், அவர் எழுதாத ஒரு வரி. எழுபதுகளிலும் பல இடங்களில் ராண்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வருத்தம்.

அளவுகோல் வந்தது

இந்த அடிகளெல்லாம் வீண்போகவில்லை. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கோடி, வில்லியம் வெய்ட்டுடன் சேர்ந்து 1980-இல் அடிப்படைச் சார்புகளை எழுதும் முறைக்கும் சோதிக்கும் முறைக்கும் ஒரு கையேடு வெளியிட்டார். வில்லியம் கஹான் முன்னின்று உழைத்த ஐ.இ.இ.இ. 754 தரநிலை 1985-இல் வந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஐந்துக்கும் கடைசி இலக்கம் வரை சரியாக முழுமையாக்கிய விடை வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. சைனுக்கும் அடுக்குக்குறிக்கும் அப்படிக் கட்டாயம் சொல்ல முடியவில்லை. கடைசி இலக்கத்தை மேலே தள்ளுவதா, கீழே விடுவதா என்று தீர்மானிக்க இன்னும் எத்தனை இலக்கம் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்வது கடினம். ஆகவே இன்றும் இரண்டு நூலகங்கள் கடைசி இலக்கத்தில் வேறுபடலாம்.

மொழியும் வளர்ந்தது. ஃபோர்ட்ரான் 77 பொதுப்பெயர்களைக் கொண்டுவந்து ஏ-லாக் தொல்லையைத் தீர்த்தது. ஃபோர்ட்ரான் 90 அணிகளின் பெருக்கல், கூட்டுத்தொகை ஆகியவற்றை ஒரே சொல்லில் தந்தது. இயந்திரத்தின் துல்லியம் எவ்வளவு என்று கேட்கவே 'எப்சிலான்' என்றொரு சார்பும் வைத்தது. சமவாய்ப்பு எண்ணுக்கும் பெயர் கொடுத்தது. ஆனால் உள்ளே எந்த முறை இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2008 பதிப்பில் பெஸ்ஸல், காமா சார்புகள். 2023 பதிப்பில்தான் கோணத்தை டிகிரியிலேயே ஏற்கும் சைன் தரநிலைக்குள் வந்தது. முதல் ஃபோர்ட்ரானுக்குப் பிறகு 66 ஆண்டு! கிளீவ் மோலர் எழுதிய முதல் மேட்லாப்பும் ஃபோர்ட்ரானில் எழுதியதுதான் என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

உள்ளே இருப்பதையெல்லாம் திரும்ப எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது வெட்டி வேலை. ஆனால் மூன்று பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விடை தெரிந்த கேள்வியை முதலில் கேளுங்கள். 30-இன் சைன் அரை வராமல் மைனஸ் 0.988 வந்தால், மெஷினைத் திட்டாதீர்கள். அது ரேடியன் பேசுகிறது. இரண்டு, எந்தச் சார்பின் கையேட்டிலும் அதன் எல்லை எது, உள்ளிருக்கும் முறை எது என்ற இரண்டு வரிகளையாவது படியுங்கள். ராண்டுவைப் பயன்படுத்தியவர்கள் அந்த முறையைச் சோதித்திருந்தால் போதும். மூன்று, சார்பு சரியாக இருந்தாலும் உங்கள் சூத்திரம் அதைக் கெடுக்கலாம். நூறு கோடியில் ஒரு பங்கு ரேடியனின் கொசைனை ஒன்றிலிருந்து கழியுங்கள். இரட்டைத் துல்லியத்திலும் விடை பூஜ்யம். அதையே அரைக்கோணச் சைனின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கிப் போட்டால் சரியான விடை கிடைக்கும். கணிதம் ஒன்றுதான், வழிதான் வேறு.

நாளை உங்களில் ஒருவர் பாலத்துக்கோ, மழைக்கோ, மருந்துக்கோ உருவகக் கணக்குப் போடுவீர்கள். விடையின் கீழே கையெழுத்து உங்களுடையதுதான். நூலகம் எழுதியவருடையது அல்ல. "உள்ளேயே இருக்கு" என்று சொல்லும்முன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.