வண்டலூர்

சென்னைக்குத் தென்மேற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த வெளிப் புறநகர். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

குடும்பங்களை இவ்வூருக்கு ஈர்ப்பது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855இல் மதராஸ் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சியே இதன் மூலம். பின்னர் அது சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே மூர் மார்க்கெட்டை அடுத்த பூங்காவில் பல்லாண்டுகள் இயங்கியது. நெருக்கடியான அந்த இடத்திலிருந்து வண்டலூர் காப்புக்காட்டுக்கு மாற்றப்பட்டு, 1985இல் திறக்கப்பட்டது. இன்றைய பரப்பு சுமார் 602 ஹெக்டேர். கம்பிக் கூண்டுகளுக்குப் பதில் அகழி சூழ்ந்த திறந்தவெளிகளில் புலியும் சிங்கமும் உலவுவதே பூங்காவின் பெருஞ்சிறப்பு. குழந்தைகள் விலங்கை இப்படித்தான் முதன்முதலில் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஓட்டேரி ஏரிக்கு, நீர் நிறைந்த குளிர்காலங்களில் வலசைப் பறவைகள் வருகின்றன. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்ததால் பூங்கா சில காலம் மூடப்பட்டது.

நடக்க இயலாத முதியோருக்கும் சிறுவருக்கும் பேட்டரி வண்டி உண்டு. மிதிவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. வெயில் ஏறுமுன் காலையிலேயே போவது நல்லது. பிற்பகலில் பெரும்பாலான விலங்குகள் நிழலில் படுத்துவிடும்.

கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில்கள் வண்டலூரில் நிற்கும். தென்மாவட்டங்களிலிருந்து வருவோர், 2023 டிசம்பரில் அருகே திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கலாம்.