கணினி வட்டு மறையாக்கம்

கணினியின் வன்தட்டிலோ எஸ்எஸ்டியிலோ பதியும் எல்லாவற்றையும் பதியும்போதே உருமாற்றி, உரிய சாவி கிடைத்தால் மட்டும் பழைய உருவில் தரும் பாதுகாப்பு முறை. பேச்சு வழக்கில் டிஸ்க் என்க்ரிப்ஷன். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் என்ற பெயர்களில் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. உள்நுழையும் கடவுச்சொல் மட்டும் கோப்புகளைக் காக்காது; வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அத்தனையும் படிக்கக் கிடைக்கும். அந்த ஓட்டையை அடைப்பதே இதன் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் புகுந்த வைரஸை இது தடுக்காது. திருட்டுப்போன, தொலைந்த, பழைய பொருளாக விற்ற கணினிகளுக்கே அரண். சாவியை எங்கே, யாரிடம் வைப்பது என்ற கேள்வியே இதன் வரலாற்றை நடத்தி வந்திருக்கிறது.

ஓசூர் வட்டாரத்தில்

1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட்டின் தொழிற்பேட்டைகள் ஓசூரைத் தொழில் நகரமாக்கின. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளை ஒட்டி உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. வாடிக்கையாளர் நிறுவனம் நம்பித் தந்த பாக வரைபடம், சிஎன்சி புரோகிராம், கொட்டேஷன் எல்லாம் இன்று பட்டறையின் கணினியில் இருக்கின்றன. ஓசூரில் குடியிருந்து ஜூஜுவாடி, அத்திப்பள்ளி வழியாகப் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் போய்வருவோர் அலுவலக லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள். வட்டு மறையாக்கம் இங்கே அன்றாடத் தேவை.

தொடக்கம்

2000-இல் வந்த விண்டோஸ் 2000, தனித்தனிக் கோப்புகளை மறையாக்கும் வசதியைக் கொண்டிருந்தது.

2003 முதல் 2014 வரை

2003 அக்டோபரில் மேக் ஓஎஸ் பாந்தருடன் வந்த ஃபைல்வால்ட், பயனரின் சொந்தக் கோப்புறையை மட்டும் மறைத்தது. முழு வட்டையும் மறைக்கும் இரண்டாம் வடிவம் 2011-இல்தான் வந்தது. 2004 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 2.6.4-இல் வட்டு மறையாக்கக் கூறான டிஎம்-கிரிப்ட் சேர்ந்தது. அதற்கென கிளெமன்ஸ் ஃப்ரூவிர்த் வகுத்த லக்ஸ், முதல் வடிவத்தில் ஒரு வட்டுக்கு எட்டுக் கடவுச்சொற்கள் வரை ஏற்றது. கடவுச்சொல் திறப்பது உள்ளே இருக்கும் தலைமைச் சாவியை மட்டுமே. ஆகவே கடவுச்சொல்லை மாற்றினாலும் வட்டு முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை.

பிட்லாக்கர் விண்டோஸ் விஸ்டாவின் உயர் பதிப்புகளில் வந்தது: நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில், பொதுமக்களுக்கு 2007 ஜனவரியில். இது சாவியைத் தாய்ப்பலகையின் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லிடம் ஒப்படைத்தது. தாய்ப்பலகையை மாற்றினாலோ, கணினி கிளம்பும் முறையில் மாற்றம் தெரிந்தாலோ சில்லு சாவியைத் தராது. அப்போது 48 இலக்க மீட்புச் சாவிதான் கதி.

அந்த 48 இலக்கங்களின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 345675 வகுபடும், கடைசி எண்ணைத் தவறாகக் கேட்டு 345676 என்று எழுதினால் வகுபடாது. பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் பிடிபடும். போனில் ஒருவர் படிக்க மற்றவர் தட்டும் சூழலை எண்ணி அமைத்ததுபோல, எந்தத் தொகுதியில் பிழை என்று இது அங்கேயே காட்டிக் கொடுக்கிறது. பிட்லாக்கரில் ஒரு குறையும் உண்டு: விண்டோஸ் ஏறும் முன்பே கேட்கப்படும் பின்னைத் தமிழில் வைக்க வழியில்லை, அந்நேரம் அமெரிக்க ஆங்கில விசைப்பலகை மட்டுமே உண்டு.

2008 பிப்ரவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பலவீனத்தைக் காட்டினர். ஓடும் கணினியின் சாவி ராமில் இருக்கும். ஸ்ப்ரே டப்பாவைக் கவிழ்த்து ராமைக் குளிரவைத்தால் மின்சாரம் நின்ற பிறகும் அது நிமிடக்கணக்கில் அழியாது. பயணத்துக்கு முன் கணினியை ஸ்லீப்பில் விடாமல் முழுக்க அணைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைத் தந்தது. ஆனால் பிட்லாக்கர் அப்போதும் விண்டோஸின் விலை கூடிய பதிப்புகளுக்கே உரியதாக இருந்தது.

பலர் நம்பிய இலவச மறையாக்க மென்பொருளான ட்ரூகிரிப்ட், 2014 மே மாதம் திடீரென நிறுத்தப்பட்டது. அரசு நெருக்கடி என்பர் சிலர், ஆக்கியோர் சலித்துவிட்டனர் என்பர் வேறு சிலர். 2015-இல் முடிந்த தணிக்கையில், வேண்டுமென்றே வைத்த பின்வாசல் எதுவும் தென்படவில்லை.

சட்டநிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69-ஆம் பிரிவு, உரிய அதிகாரி ஆணையிட்டால் மறையாக்கத்தை அவிழ்க்க உதவ வேண்டும் என்கிறது. மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, எதிர்ப்பால் உடனே திரும்பப் பெறப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் கருத்துகள் மாறுபடுகின்றன. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அரசமைப்பின் 20(3) விதி. கைரேகை தருவது அத்தகைய சாட்சியமாகாது என 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு கூறியது. கடவுச்சொல்லும் அதைப் போன்றதே என்ற கருத்தை 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் கொண்டது. மனத்தில் உள்ளதைச் சொல்ல வைப்பது வேறு என்று 2022 அக்டோபரில் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் கருதியது. கர்நாடகத் தீர்ப்பு அம்மாநில எல்லைக்குள் வரும் அத்திப்பள்ளியில் கட்டுப்படுத்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வரும் ஜூஜுவாடியில் அது எடுத்துக்காட்டத்தக்க கருத்து மட்டுமே. ஒரே லேப்டாப் தினமும் இரு எல்லைகளுக்குள்ளும் போய்வரும் வட்டாரத்தில், இதை முடிந்த கேள்வியாகக் கொள்ள இயலாது.

அண்மைக் காலம்

விண்டோஸ் 8.1 முதல், தகுதியுள்ள கணினிகளில் மறையாக்கம் தானே இயங்கி, மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேரத் தொடங்கியது. 2024-இல் விண்டோஸ் 11 இதை மேலும் பல கணினிகளுக்கு விரித்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பலவற்றைச் சரிசெய்ய முதலில் மீட்புச் சாவியைத் தேட வேண்டியிருந்தது. சாவியை அச்சிட்டுக் கணினியிலிருந்து தனியே பத்திரப்படுத்துவது அவசியம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், மறையாக்கத்தையும் பாதுகாப்பு நடவடிக்கைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன.