வீரநாராயணப் பேரேரியும் ஏரி வாரியமும்

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ள வீராணம் ஏரியின் பழம்பெயர் வீரநாராயணப் பேரேரி என்பதாகும். வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் (907–955) விருதுப்பெயர். ஏரி அவன் காலத்தது என்பதற்கு இப்பெயரே சான்று. இத்தகைய ஏரிகளை அமைத்தோர் புகழ் பலராலும் பேசப்பட்டது. அவற்றைப் பேணிய முறை அத்துணைப் பேசப்படவில்லை. ஈண்டு அதனையே ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஏரியின் இயல்பை நோக்குவோம். இது சமவெளியில் நெடுங்கரை எழுப்பி நீரைத் தேக்கியது. பரப்பு மிகுந்து ஆழம் குறைந்தது. கொள்ளிடத்து நீர் கீழணையினின்று வடவாற்றின் வழியே இதனை அடைகிறது. மழைக்காலத்தில் மேட்டு நிலத்து ஓடைகளும் வந்து கலக்கின்றன. ஓடிவரும் நீர் வண்டலைச் சுமந்து வரும். ஏரியுட் புகுந்து விரைவு குன்றியதும் அவ்வண்டல் அடியிற் படியும். ஆண்டுதோறும் தரை உயர, கொள்ளளவு சுருங்கும். கரையை உயர்த்தி ஈடுசெய்யலாமெனின், எதிர்ப்புறத்து விளைநிலங்கள் நீரில் மூழ்கும். ஆதலின் தூர் வாருதல் இவ்வேரிக்கு ஒருகாலும் முடிவுறாத கடமையாகும்.

இக்கடமையை அக்காலத்தார் நன்குணர்ந்திருந்தனர். அதே பராந்தகன் ஆட்சியில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. குடவோலை வழித் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் 360 நாள் அப்பொறுப்பை வகித்தனர். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுபெறத் தகாதவர் என்பது விதி. உத்தரமேரூர் தொண்டை நாட்டு ஊராதலின், அவ்விதி வீராணத்திலும் வழங்கிற்று என யாம் துணிந்து கூறோம். எனினும், பேரேரியை ஆக்கிய காலமே ஏரிக்குப் பொறுப்பாளரையும் கணக்கையும் வகுத்த காலம் என்பது தெளிவு.

பிற்காலத்தில் நிலை மாறிற்று. 1836-இல் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டினார். பாசன ஆட்சி ஊரவையினின்று அரசுத் துறையின் கைக்குச் சென்றது. 2004-இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீர் வழங்கும் நோக்கில் குழாய்கள் அமைந்தன. ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர் நிலத்து உழவர்க்கும் தலைநகர மக்கட்கும் இன்று ஏரி பொதுவாயிற்று. இருவர் தேவையும் நேரியதே. ஆயின் நீர் கொள்வோர் பெருகிய அளவிற்கு ஏரியைப் பேணுவோர் பெருகினரா என வினவுதல் தகும்.

பழைய வாரியத்தை அப்படியே மீட்டல் இயலாது; அதன் தகுதி விதிகள் நிலமுடையார்க்கே உரியன. அதன்கண் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஏரிப் பொறுப்பேற்றவர் ஊரறியக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பதே அது. எத்துணை வண்டல் படிந்தது, எத்துணை வாரப்பட்டது, எவர்க்கு எவ்வளவு நீர் சென்றது என்பன ஆண்டுதோறும் உழவரும் நகரத்தாரும் ஒருங்கே அறியுமாறு வைக்கப்படின், ஆயிரம் ஆண்டு கடந்த இப்பேரேரி மேலும் நெடுங்காலம் நிலைபெறும் என்பது எம் துணிபு.