மணியோசை பேசிய மொழி

நம் நாட்டில் கைபேசி வழியே முதல் உரையாடல் நிகழ்ந்தது 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள். கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்நாளில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்தவேண்டும். ஆகவே மணி ஒலித்தால், எடுப்பதா விடுப்பதா என்று தயங்குவதே முதற்பழக்கமாயிற்று.

2003 மே முதல் நாள் அம்முறை மாறிற்று. வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கியது. மறுமுனையில் எடுக்காத அழைப்புக்கோ எவரும் காசு தரவேண்டுவதில்லை. இவ்விரண்டையும் பற்றிக்கொண்டு பரவியதே 'மிஸ்டு கால்' வழக்கம். ஒருமுறை ஒலித்தால் நலமாய்ச் சேர்ந்தாயிற்று. இருமுறை ஒலித்தால் உடனே அழைக்கவேண்டும். இப்படி ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனக் குறிப்புமொழி ஒன்றை வகுத்துக்கொண்டது.

மாநிலம் கடந்து வாழ்ந்த நம்மவர்க்கு இது பெருந்துணையாயிற்று. தமிழகத்து எண்ணுடன் மும்பையில் இருப்பவர், வரும் அழைப்பை ஏற்பதற்கும் 'ரோமிங்' கட்டணம் தரவேண்டியிருந்தது. எனவே ஊரிலிருந்து தாய் மணியடிப்பாள், மகன் எடுக்கமாட்டான், தெருமுனைத் தொலைபேசிக் கடைக்குச் சென்று அவளை அழைப்பான்.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் பேச்சுக்குத் தனிக் கட்டணமின்றித் தொடங்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மறு ஆண்டில் ரோமிங் கட்டணமும் பெரும்பாலும் மறைந்தது. பேச்சு மலிந்தது, குறிப்புமொழி தேய்ந்தது. எடுக்கப்படாத அழைப்பு அன்று நலச்செய்தி. இன்று அதுவே வீட்டாருக்குக் கவலை. வறுமை கற்பித்த அச்சிக்கனத்தில் அன்பு குறைந்ததில்லை என்பதை நேயர்கள் அறிவர்.